சுல்தான் ருசித்த ஸ்பகெட்டி

இன்றைய மலேசியாவில் உள்ள ஜொகூரின் ஆட்சியாளர் அபு பக்கார் 1866இல் கப்பலேறி லண்டன் போய் விக்டோரியா ராணியைச் சந்தித்தார். 1885இல் மறுபடி போனது ராஜாங்க வேலையாக. அந்த டிசம்பரில் கையெழுத்தான உடன்படிக்கையில்தான் பிரிட்டன் அவரை சுல்தானாக ஏற்றது.

இப்படிப்பட்ட ஐரோப்பியப் பயணமொன்றில் இத்தாலிக்குப் போனவர், அங்கே ஸ்பகெட்டியின் ருசியில் மயங்கினாராம். ஊர் திரும்பியதும் லக்சா என்ற குழம்பு ஊற்றிய உணவில் அரிசி நூடுல்ஸுக்குப் பதிலாக அதைப் போடச் சொன்னார் என்பது ஜொகூர்க்காரர்கள் வாய்வழியாகச் சொல்லிவரும் கதை. எனக்குப் பிடித்த கதையும்கூட.

ஜொகூர் லக்சா இன்றும் அப்படித்தான். வெந்த ஸ்பகெட்டியைச் சுருட்டித் தட்டில் வைத்து, தேங்காய்ப்பாலில் கொதித்த கெட்டி மீன்குழம்பை ஊற்றுகிறார்கள். மேலே நறுக்கிய வெள்ளரி, வெங்காயம், ஓரத்தில் சம்பல். கையால் பிசைந்து சாப்பிடுவதே பழைய வழக்கம். இடியாப்பத்தில் குழம்பு ஊற்றிப் பிசைந்த விரல்களுக்கு அது உடனே பிடிபட்டுவிடும்.