புகைக்கரியும் புற்றுநோயும்

லண்டன் மாநகரில் செயின்ட் பார்த்தலோமியூ வைத்தியசாலையின் ரண வைத்தியராய் விளங்கிய பெர்சிவல் பாட் என்பவர் 1775-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில், புகைபோக்கி துடைப்போரைப் பீடித்த ஒரு சரும வியாதியைக் குறித்துச் சில பக்கங்களே எழுதினார். ஆயினும் ஒரு தொழிலுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள காரண காரிய சம்பந்தம் முதன்முதலாகத் தெளிவுபட்டது அச்சில பக்கங்களில்தான்.

குளிர் மிகுந்த அந்நகரில் வீடுதோறும் நிலக்கரி எரிய, அதன் புகை செல்லும் வழிகளோ ஒன்பது அங்குல அகலமே உடையனவாய் வளைந்து வளைந்து மேலே சென்றமையால், உட்சுவரில் படிந்த கரியைச் சுரண்டுவதற்கென்று, ஏழைகளின் பிள்ளைகளையும் அநாதைகளையும் ஐந்தாறு வயதிலேயே விலைக்கு வாங்கி, முழங்கையும் முழங்காலும் தேய்ந்து ரணமாக, எஜமானர்கள் உள்ளே ஏற்றினார்கள். அச்சிறுவர்கள் ஆடையின்றி ஏறினார்கள். இரவில் கரி மூட்டைகளின் மீதே உறங்கினார்கள். ஸ்நானம் என்பது அவர்களுக்கு எப்போதோ வாய்ப்பது. விரைப்பையின் தோல் மடிப்புகளில் தங்கிய கரி, பெரும்பாலும் அவர்கள் வளர்ந்து முப்பது நாற்பது வயதை எட்டிய பின்னரே தன் விஷத்தைக் காட்டிற்று.

முதலில் தோன்றுவது ஒரு சிறு பரு. தொழிலாளர் அதைக் கரிப்பரு என்றனர். வைத்தியர்களோ மேகநோயென்று மயங்கிப் பாதரசம் கொடுத்தனர். அதனால் பயனில்லையென்று மறுத்த பாட், நோய் உள்ளே பரவுமுன் அவ்விடத்தை அறுத்தெடுப்பதே பிழைக்கும் வழி என்று வற்புறுத்தினார். விரையையும் பற்றி, அரையில் நெறி கட்டிய பின் வந்தோருக்கு அவருடைய கத்தியும் உதவவில்லை.

1788-இல் பிறந்த சட்டம், எட்டு வயதுக்குட்பட்டோரைச் சேர்க்கலாகாது, வாரம் ஒருமுறையேனும் குளிப்பாட்ட வேண்டும் என்று விதித்தது. அதை நடத்தி வைப்பாரில்லை. நீண்ட கழியில் பொருத்திய துடைப்பங்கள் வந்த பின்னரும், 1840-ஆம் ஆண்டுச் சட்டம் இருபத்தொரு வயதுக்குட்பட்டோர் ஏறுவதை விலக்கிய பின்னரும், சிறுவர்கள் ஏறிக்கொண்டேயிருந்தார்கள். ஷாஃப்ட்ஸ்பரி பிரபுவின் இடையறாத முயற்சியால், உரிமச்சீட்டும் போலீஸ் கண்காணிப்பும் கொண்ட சட்டம் நிறைவேறியது 1875-இல். பாட் எழுதி நூறு வருஷங்கள் கழிந்திருந்தன! காரணம் தெரிந்திருந்தும் ஒரு நூற்றாண்டு தாமதித்ததை அறியாமையென்று நான் கொள்ளேன். ஏழையின் உடலை மலிவாக எண்ணிய பாபம் அது.

அண்டை நாடுகளில் இந்நோய் ஏன் அரிதாயிருக்கிறதென்று ஆராய்ந்த ஹென்றி பட்லின் என்ற ரண வைத்தியர், 1892-இல் தந்த விடை மிக எளியது: ஜெர்மனி, பெல்ஜியம் முதலிய தேசங்களின் தொழிலாளர் தலைமுதல் கால்வரை உடலை இறுக மூடிய உடுப்பணிந்து, வேலை முடிந்ததும் நன்றாகக் குளித்தனர். ஜப்பானியராகிய யாமகிவாவும் இச்சிகாவாவும் முயல்களின் காதில் நிலக்கரித் தாரை விடாது பூசிப் புற்றை உண்டாக்கிக் காட்டிய 1915-ஆம் ஆண்டுக்கும், அத்தாரிலிருந்து பென்சோபைரீன் என்ற நச்சுப்பொருள் பிரித்தெடுக்கப்பட்ட 1933-ஆம் ஆண்டுக்கும் முன்பே, சோப்பும் நீரும் அத்தேசத் தொழிலாளரைக் காத்துவந்தன.

ஆகவே, தாரிலும் கரியிலும் எந்திர எண்ணெயிலும் பிறரை வேலை வாங்குவோரை நான் வேண்டுவது இது: மாலையில் அவர்கள் குளிக்க நீரும் சோப்பும், மாற்றிக்கொள்ளத் துணியும் கொடுங்கள், ஆறாத புண்ணென்றோ வளரும் பருவென்றோ ஒருவர் வந்து சொன்னால், கூலியைப் பிடிக்காமல், அன்றே வைத்தியசாலைக்கு அனுப்புங்கள்.