செல்ல நாய் முகத்தை நக்குதா? ஈறு நோய் கிருமி டெஸ்ட் யாருக்குத் தேவை?

அருப்புக்கோட்டையில் தறிச் சத்தத்துக்கு நடுவே திண்ணையில் சுருண்டு கிடக்கும் நாட்டு நாய், திருச்சுழி பக்கம் கரிசக்காட்டில் ஆட்டுக்கிடைக்குக் காவல் நிற்கும் நாய், ராஜபாளையத்தின் பெயரைச் சுமக்கும் வெள்ளை நாய்... எதுவாக இருந்தாலும், நாம வீட்டுக்குள் நுழைந்ததும் ஓடி வந்து முகத்தை நக்கும். கூடவே வாயிலிருந்து ஒரு நாத்தம். 'நாய்னா அப்படித்தான்'னு விட்டுடுவோம். ஆனால், அந்த நாத்தம் பெரும்பாலும் ஈறு நோயின் அறிகுறி. அந்தக் கிருமி நம்ம வாய்க்கும் வருமா? வந்திருக்கான்னு டெஸ்ட் பண்ணணுமா?

ரெண்டும் பங்காளிங்க

மனிதர்களின் ஈறு நோயில் முக்கியமான கிருமி, 'போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ்'. நாய்களின் ஈறில் அதிகம் இருப்பது 'போர்ஃபைரோமோனாஸ் குலே'. இரண்டும் அவ்வளவு நெருங்கிய சொந்தம். நாயிடம் இருப்பது தனி இனம் என்று பிரித்துப் பெயர் வைத்ததே 2001-ல்தான்.

ஜப்பானின் ஒகயாமாவில் 2011-ல், 66 நாய்கள் மற்றும் அவற்றை வளர்க்கும் குடும்பங்களைச் சேர்ந்த 81 பேரின் வாயிலிருந்து மாதிரி எடுத்துப் பார்த்தார்கள். சுமார் 71% நாய்களிடம் 'குலே' இருந்தது. மனிதர்களில் 16% பேரிடம், அதாவது 13 பேரிடம் இருந்தது. அந்த 13 பேர் வளர்த்த நாய்களிடமும் அதே கிருமி இருந்தது. ஆக, இது நாயிடமிருந்து மனிதர் வாய்க்கு வர வாய்ப்பு உண்டு. ஆனால், கிருமி வாயில் இருப்பது வேறு. அதனால் நோய் வருவது வேறு. நாய் நக்கியதால்தான் ஒருவருக்கு ஈறு நோய் வந்தது என்று இந்த ஆய்வை வைத்துச் சொல்ல முடியாது.

என்னென்ன டெஸ்ட் இருக்கு?

*கல்ச்சர்:* ஈறிலிருந்து எடுத்த மாதிரியை லேபில் வளர்த்துப் பார்ப்பது. இந்தக் கிருமிகளுக்குக் காற்றில் உள்ள ஆக்சிஜனே ஆகாது. அருப்புக்கோட்டையில் எடுத்து, 50 கி.மீ தள்ளி மதுரைக்குச் சாதாரண டப்பாவில் அனுப்பினால் வழியிலேயே செத்துப்போகலாம். வளர்ந்தாலும் ரெண்டும் கறுப்பாகத்தான் தெரியும்.

*பி.சி.ஆர்:* கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்தாங்களே, அதே தொழில்நுட்பம். கிருமி செத்திருந்தாலும் மரபணுவை வைத்து, இது மனிதக் கிருமியா, நாய்க் கிருமியா என்று பிரித்துச் சொல்லும். ஆனால், அதற்கென்று தனியாகத் தேட வேண்டும்.

*பானா டெஸ்ட்:* பல்லில் படிந்த அழுக்கை ஒரு அட்டையில் தடவினால், சில நிமிடங்களில் நீல நிறம் வரும். ஈறு நோயோடு தொடர்புள்ள மூன்று கிருமிகளில் ஏதோ ஒன்று இருக்கு என்று அர்த்தம். எது என்று சொல்லாது.

*ஈறு அளவு:* மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை, பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே பல் டாக்டர் மெதுவாக விட்டுப் பார்ப்பார். 1 முதல் 3 மி.மீ வரை ஆழம் என்றால் நார்மல். 4 மி.மீ-க்கு மேல் போய், ரத்தமும் கசிந்தால் கவனிக்கணும். தேவைப்பட்டால் எக்ஸ்ரே எடுப்பார்கள்.

நான்கில் நமக்கு உண்மையாகவே தேவைப்படுவது கடைசி டெஸ்ட்தான். ஏன்னா, எந்தக் கிருமி இருந்தாலும் முதல் சிகிச்சை ஒன்றே: பல்லில் படிந்த காரையைச் சுத்தம் செய்து, தினமும் ஒழுங்காகப் பல் தேய்ப்பது. ரிப்போர்ட்டில் பேர் மாறினாலும் இது மாறாது. மத்த டெஸ்ட்டெல்லாம் ஆராய்ச்சிக்கும், சிகிச்சைக்குப் பிறகும் குணமாகாதவர்களுக்கும் உதவும்.

யார் உடனே பார்க்கணும்?

பல் தேய்க்கும்போது ரத்தம், ஈறு இறங்கிப் பல் நீளமாகத் தெரிவது, பல் ஆடுவது, தீராத வாய் நாற்றம்... இதில் ஒன்று இருந்தாலும் டாக்டரைப் பாருங்க. சுகர் இருப்பவர்களும், பீடி, சிகரெட், புகையிலைப் பழக்கம் உள்ளவர்களும் அறிகுறி இல்லாமலே பார்ப்பது நல்லது. சுகர் ஈறு நோயை மோசமாக்கும். ஈறு நோய் சுகரைக் கட்டுக்குள் வரவிடாது.

நாய்க்கு? மூன்று வயதைத் தாண்டிய பெரும்பாலான நாய்களுக்கு ஈறு நோய் ஏதோ ஓர் அளவில் இருக்கும். நாத்தம், பல்லில் மஞ்சள் காரை, ஒரு பக்கமாகவே மெல்லுவது தெரிந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்க. ஈறுக்கு அடியில் முழுசாகப் பார்க்க மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும்.

ஈறு கிருமியைவிட அவசரம்

நாய் நக்குவதில் முதலில் பயப்பட வேண்டியது ரேபிஸுக்கு. தடுப்பூசி போடாத, போட்டதா என்று தெரியாத நாயின் எச்சில் நம் புண்ணிலோ, வாயிலோ, கண்ணிலோ பட்டால், கடிக்குச் சமமாகவே எடுத்துக்கணும். புண்ணை ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவுங்க. வாய், கண் என்றால் வெறும் தண்ணீரில் நன்றாக அலசுங்க. அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்க. அங்கே தடுப்பூசி இலவசம். 'கடிக்கலையே, நக்கத்தானே செஞ்சுச்சு'னு காத்திருந்து, ரேபிஸ் அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம்.

மண்ணீரல் எடுத்தவர்களும், கீமோ போன்ற சிகிச்சையால் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களும் நாய் முகத்தை நக்க விடாமல் இருப்பதே நல்லது.

வீட்டில் செய்யக்கூடியவை

* நாய்க்கென்று உள்ள பேஸ்ட், தனி பிரஷ் வைத்து, முடிந்தால் தினமும் பல் தேய்த்து விடுங்க.
* நம்ம பேஸ்ட் வேண்டாம். சிலவற்றில் உள்ள சைலிட்டால் என்ற இனிப்பு நாயைக் கொல்லும் விஷம்.
* கறிக்கடையின் கெட்டி எலும்பு, பல்லைச் சுத்தமாக்கும் என்று போடுவோம். பல் உடையவும் அதுவே காரணமாகலாம்.
* நாய் நக்கினால் முகம், கை கழுவுங்க. குழந்தைகளின் வாயை நக்க விடாதீங்க.
* வருஷா வருஷம் ரேபிஸ் ஊசி. இதை மட்டும் தள்ளிப் போடாதீங்க.

கிருமிக்குப் பயந்து நாயைத் தெருவில் விட வேண்டாம். அதுக்கு ஊசி, உங்களுக்கு ஒரு பல் செக்கப். இந்த மாதத்தில் ஒரு நாளை இதற்கு ஒதுக்குங்க.