தொழுமரத்திலிருந்து இ-சலான் வரை

கடையத்திலிருந்து தென்காசி போகும் சாலையில் வாகனச் சோதனை. எங்களோடு களப்பணிக்கு வந்த தம்பியின் பைக்குக்கு இன்சூரன்ஸ் இருந்தது. தாள்தான் கையில் இல்லை. கேட்ட அபராதத்தைக் கட்டிவிட்டு வந்தான். "கோர்ட்டுல சொல்லியிருக்கலாமேடே" என்றோம். "நம்ம பேச்ச அங்க யாருண்ணே கேப்பா?" என்றான்.

இந்த அவநம்பிக்கை அவன் ஒருவனுடையது அல்ல. அதற்கு ஒரு வரலாறு உண்டு.

1816இல் கம்பெனி அரசு சென்னை மாகாணத்தில் 11ஆம் ஒழுங்குமுறைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஏச்சு, சிறு கைகலப்பு போன்ற சில்லறைக் குற்றங்களை விசாரித்துத் தண்டிக்கும் அதிகாரம் ஊர்த்தலைவரான கிராம முன்சீப்புக்குக் கிடைத்தது. குற்றம் செய்தவரை 12 மணி நேரம் வரை சாவடியில் அடைக்கலாம். 'கீழ்ச்சாதி'யாராக இருந்தால், மரக்கட்டைத் துளையில் காலை மாட்டிப் பூட்டும் தொழுமரத்தில் 6 மணி நேரம் வரை வைக்கலாம். குற்றம் ஒன்றுதான், தண்டனையைப் பிரித்தது சாதி. அதை எழுதி வைத்தது அரசின் சட்டம்.

தெருவில் நடப்பதற்கே நாம் போராட வேண்டியிருந்தது. பொதுச்சாலை, கிணறு, குளம் எல்லோருக்கும் உரியவை என்ற தீர்மானத்தை 1924இல்தான் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்தார். பகுதிநேரக் கிராம அதிகாரிப் பதவிகளோடு முன்சீப் பதவியும் தமிழ்நாட்டில் ஒழிந்தது 1980இல்.

இன்றைய மோட்டார் வாகனச் சட்டம் 1988ஆம் ஆண்டினுடையது. அதில் சாதி இல்லை. ஆனால் 2019 திருத்தம் அபராதங்களைப் பல மடங்கு உயர்த்தியது. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 5,000 ரூபாய். கூலிக்குப் போகிறவருக்கு அது பல நாள் உழைப்பு.

ஒன்றைப் புரிந்துகொள்வோம். சாலையில் கட்டும் அபராதம் தீர்ப்பு அல்ல. 200ஆம் பிரிவின்படி அது சமரசத் தொகை. கட்டினால் வழக்கு முடியும், அவ்வளவே. குற்றம் செய்யவில்லை என்றால் அதை எதிர்த்து வழக்காடலாம். வக்கீல் வைக்கக் காசில்லையா? 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம், 12ஆம் பிரிவு, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீலைத் தருகிறது.

தோழர்களே, தப்பு செய்திருந்தால் அபராதம் கட்டுவோம். ஹெல்மெட் நம் உயிருக்குத்தான். ஆனால் செய்யாத தப்புக்குப் பயந்து பணம் கட்டும்போது, பழைய தொழுமரத்தில் நாமே காலை நீட்டுகிறோம்.