களத்து மேட்டிலிருந்து கண்ணுக்கு வந்த பகை

கதிரடிக்கும் காலத்தில் உமியோ தூசோ பறந்து உழவரின் கண்ணில் விழுவது நேயர்கள் அறியாததன்று. கண்ணைக் கசக்கிவிட்டு வேலையைத் தொடர்வார். சில நாட்களில் கண் சிவந்து, கருவிழியில் வெண்மை படரும். ‘கண்ணில் பூ விழுந்துவிட்டது’ என்பர் ஊரார். அப்பூவிற்கு வித்தாகக் கூடியவற்றுள் ஒன்று 1879-ஆம் ஆண்டில் வெளிப்பட்டது.

அவ்வாண்டில் ஜெர்மானியக் கண் மருத்துவர் தியோடர் லேபர், ஓட்ஸ் கதிர் அடிக்கையில் கண்ணில் காயமுற்ற குடியானவர் ஒருவரின் கருவிழிப் புண்ணை ஆராய்ந்தார். அதனுள் ஆஸ்பெர்ஜில்லஸ் என்னும் பூஞ்சை இழையோடி வளர்ந்திருந்தது. தமிழில் ‘பூஞ்சை’ என்றால் வலுவற்றது என்றும் பொருளுண்டு. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு, இந்நோயின் திறத்தில் இதனினும் பொருந்தாத பெயர் இல்லையென்றே தோன்றும். கருவிழியில் இரத்தக் குழாய்கள் இல்லை. ஆதலின் உடலின் காவற்படை அங்கு விரைந்து சேர்வதில்லை. பூஞ்சையின் இழைகளோ ஆழ இறங்குகின்றன.

பகையை அறிந்தும், தக்க மருந்தின்றி எழுபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன. 1950-களில் கண்ணுக்கு வந்த ஸ்டீராய்டு மருந்துகளால் கேடும் விளைந்தது. அவற்றால் சிவப்பு தணியும், நோயாளி மகிழ்வார், பூஞ்சை தடையின்றிப் பரவும். அதே பத்தாண்டில்தான் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து நேட்டாமைசின் கிடைத்தது. பிறந்த மண்ணின் பெயரையே அது தாங்கியிருக்கிறது. நீரில் கரையாத மருந்தாதலால், குலுக்கித்தான் விடவேண்டும். அமெரிக்க அரசு 1978-இல் அதனைக் கண் மருந்தாக ஏற்றது.

பின்னர் வோரிகோனசோல் என்னும் புது மருந்து வந்தது. புதியதே சிறந்ததாகும் என்று பலரும் எண்ணினர். மதுரை, கோவை, புதுச்சேரி ஆகிய ஊர்களின் அரவிந்த் கண் மருத்துவமனைகளில் 323 நோயாளிகளிடம் இரண்டையும் ஒப்பிட்டனர். 2013-இல் வெளியான முடிவு பழைய மருந்தின் பக்கமே நின்றது. பியூசேரியம் என்னும் பூஞ்சையில் வேறுபாடு மிகத் தெளிவு. 2017-இல் உலக சுகாதார நிறுவனம் நேட்டாமைசினை இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது.

ஆயினும் அது ஆழமாக ஊடுருவும் மருந்தன்று. புண் மேலாக உள்ளபோதே விடவேண்டும். புண்ணைச் சிறிது சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், பூஞ்சை இழைகள் சில நிமிடங்களில் தென்படும். கடைக்காரர் தந்த சொட்டு மருந்திலும் பச்சிலைச் சாற்றிலும் வாரங்களைக் கழித்து வருவோர் பலர்க்கு, இறந்தோர் ஈந்த கருவிழியைப் பொருத்தும் அறுவையே எஞ்சுகிறது. அதன் பின்னரும் பூஞ்சை மீண்டும் தலைகாட்டுவதுண்டு.