சொன்ன பேச்சைக் கேட்காத நாயா ராஜபாளையம்?

இந்த எபிசோடில் நம்ம விருதுநகர் மாவட்டத்து நாயைப் பற்றிப் பேசலாம். ராஜபாளையம் நாய் என்றாலே இரண்டு விஷயம் சொல்வாங்க: காவலுக்குக் கெட்டி, ஆனால் சொன்ன பேச்சைக் கேட்காது. முதலாவது சரி. இரண்டாவதை நான் அப்படியே ஏற்க மாட்டேன்.

பாளையக்காரர் காலத்துக் கதைகளில் எல்லாம் வருகிற வேட்டை நாய் இது. 2005 ஜனவரி 9-ல் இந்திய அஞ்சல் துறை நான்கு நாட்டு இனங்களுக்கு அஞ்சல் தலை வெளியிட்டது. அதில் இதுவும் ஒன்று. இதன் அடையாளமே பால் வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்கும்தான். அந்த வெள்ளைக்காகவே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி இணை சேர்த்தாங்க. சிக்கலும் அங்கேதான். தோலுக்கு நிறம் கொடுக்கிற செல்கள்தான் உள்காதிலும் வேலை செய்கின்றன. அங்கே அவை இல்லாவிட்டால், குட்டி பிறந்த சில வாரங்களிலேயே காது கேட்காமல் போய்விடும். நீலக்கண் குட்டிகளுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

இப்போ யோசித்துப் பாருங்க. காது கேட்காத நாயை "வா, வா"ன்னு கத்திக் கூப்பிடுகிறோம். அது வரவில்லை. உடனே கம்பை எடுக்கிறோம். எதற்கு அடி விழுந்தது என்று அந்த நாய்க்கு எப்படித் தெரியும்?

கம்பு நம்ம ஊர்ப் பழக்கம் மட்டும் இல்லை. ஜெர்மானியப் போலீஸ் அதிகாரி கொன்ராட் மோஸ்ட் 1910-ல் ஒரு பயிற்சி நூல் எழுதினார். பாராட்டும் அதில் உண்டு, ஆனால் அடித்தளம் வலிதான். உலகம் முழுக்கப் போலீஸ், ராணுவ நாய்ப் பயிற்சியில் அந்த வழி ரொம்ப காலம் செல்வாக்கோடு இருந்தது.

மாற்று வழி ஆய்வுக்கூடத்தில் இருந்து வந்தது. 1951-ல் உளவியலாளர் ஸ்கின்னர் ஒரு கட்டுரையில் விளக்கினார்: சரியாகச் செய்த அந்த நொடியிலேயே ஒரு சின்ன சத்தம், உடனே தீனி. 'இதைத்தான் கேட்டேன்' என்று விலங்குக்குப் புரிந்துவிடும். ஹவாயில் டால்பின்களைப் பழக்கிய கேரன் பிரையர் இதையே விசிலும் மீனுமாகச் செய்தார். நீந்துகிற டால்பினுக்குச் சங்கிலி போட முடியுமா? அடிக்கத்தான் முடியுமா? அந்த அனுபவத்தை 1984-ல் புத்தகமாக எழுதினார். நாய் வளர்ப்பவர்களிடம் அது பெரிய அளவில் போய்ச் சேர்ந்தது.

காது கேட்காத ராஜபாளையத்துக்கும் இதே கணக்குதான். சத்தத்துக்குப் பதில் கட்டை விரலை உயர்த்துங்க, உடனே ஒரு துண்டு கோழி கொடுங்க. 'உட்கார்', 'வா' என்பதற்கு ஆளுக்கு ஒன்றாக இல்லாமல், வீட்டில் எல்லோரும் ஒரே கைச்சைகை காட்டணும். இரவில் டார்ச் வெளிச்சம் போதும்.

சரி, காது நன்றாகக் கேட்கிற நாய்? சிவகாசியும் இதே மாவட்டம்தானே, அங்கே வேறு பிரச்சினை. பட்டாசு ஒலிக்குச் சட்டம் வைத்த வரம்பு, வெடிக்கிற இடத்தில் இருந்து 4 மீட்டரில் 125 டெசிபல். நாய்க்கு நம்மைவிடக் கூர்மையான காது. நாம் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்போம், நாய் சுமார் 45,000 வரை கேட்கும். வெடிச்சத்தத்தில் கட்டிலுக்கு அடியில் ஒளிகிற நாயைக் கூப்பிட்டால் வராது. அதைத் திமிர் என்று நினைக்கக் கூடாது. 1924-ல் லெனின்கிராடில் வெள்ளம் வந்தபோது பாவ்லோவின் ஆய்வு நாய்கள் கூண்டுக்குள்ளேயே மூழ்கத் தெரிந்தன. பிழைத்தவற்றில் சில, கற்றதையே இழந்துவிட்டன. பயம் வந்தால் பாடம் போய்விடும்.

அதனால் தீபாவளிக்குச் சில மாதம் முன்பே தொடங்குங்க. பதிவு செய்த வெடிச்சத்தத்தை, நாய் கண்டுகொள்ளாத அளவு மெதுவாக வைத்துத் தீனி கொடுங்க. நாள் போகப்போகக் கொஞ்சம் கொஞ்சமாக ஒலியைக் கூட்டுங்க. நாய் மிரண்டால் பழைய அளவுக்குத் திரும்பிடுங்க. பண்டிகை அன்று பயந்தால் பக்கத்தில் உட்கார்ந்து தடவிக் கொடுங்க. அதனால் பயம் கூடாது.

குட்டி வாங்கப் போகிறவங்களுக்கும் ஒரு வார்த்தை. வெள்ளையை மட்டும் பார்க்காதீங்க, அதற்குக் காது கேட்கிறதா என்றும் பாருங்க. வாங்குகிறவர் இதைக் கேட்க ஆரம்பித்தால்தான் வளர்ப்பவரும் பார்த்து இணை சேர்ப்பார். அடுத்த எபிசோடில் சிப்பிப்பாறை நாயோடு சந்திக்கிறேன்.