முசுகுந்தனும் முசியாறும்

நம் நகர்ப் பாலங்களைக் கடக்குங்கால் மூக்கைப் பொத்திக்கொண்டு விரையும் தமிழன்பர் பலர், கீழே செல்லும் முசியாறு தெய்வத் தீர்த்தமாகப் போற்றப்படுவது என்பதை அறியார். அதனினும் வியப்பு, அத்தீர்த்தக் கதைக்குரிய மன்னன் நம் திருவாரூருக்கும் உரியவன் என்பது.

ஐதராபாத்துக்கு மேற்கே ஏறத்தாழ 75 கிலோமீட்டர் தொலைவில், விகாராபாத்தை அடுத்து அனந்தகிரி என்னும் காடடர்ந்த குன்றுத்தொடர் உளது. அனந்தபத்மநாப சுவாமி கோயில் கொண்டுள்ள அக்குன்றுகளிலேயே முசி தோன்றுகின்றது. அசுரரோடு பொருத தேவர்க்குத் துணைநின்று களைத்த முசுகுந்தன், நெடுந்துயில் என்னும் வரம்பெற்று இங்குள்ள குகையொன்றில் உறங்கினான். கண்ணனைத் துரத்திவந்த காலயவனன் அவனைக் கண்ணனென எண்ணி உதைத்தான். விழித்த மன்னனின் பார்வையால் எரிந்து சாம்பரானான். பின்னர் முசுகுந்தன் கண்ணன் திருவடிகளை விளக்கிய நீரே ஆறாகப் பெருகிற்று; முசுகுந்தா என்னும் பெயரே முசி என மருவிற்று. இஃது அனந்தகிரியார் கூறும் தலவரலாறு.

கிரேக்க நாட்டிலும் இத்தகு நம்பிக்கை உண்டு. எலிக்கோன் மலையில் பெகாசஸ் என்னும் சிறகுடைய குதிரையின் குளம்பு பட்ட இடத்தில் ஊற்றுப் பிறந்தது என்றனர். தெல்பியில் குறி கேட்கச் செல்வோர் கஸ்தாலியாச் சுனைநீரால் தூய்மை செய்துகொண்ட பின்னரே கோயிலுள் புகுந்தனர்.

எனினும் பாகவதம் இவ்வாற்றைக் குறிப்பிடவில்லை. துயிலெழுந்த மன்னன் வடக்கே பதரிகாசிரமம் சென்றான் என்றே அது முடிக்கின்றது. இராசத்தானத்துத் தோல்பூரிலுள்ள மச்சகுண்டமும் இதே கதையைத் தனதாகக் கொண்டாடுகின்றது. நீரூற்று உள்ள இடமெல்லாம் ஒரு பெருங்கதையை நாடும் போலும்!

இனித் தமிழகத்து வழக்கைக் காண்போம். அங்கு முசுகுந்தன் குரங்கு முகமுடைய சோழன். அவனும் இந்திரனுக்குப் போரில் உதவியவனே. ஆனால் அவன் கைம்மாறாக வேண்டியது உறக்கமன்று. இந்திரன் வழிபட்ட தியாகேசர் திருமேனி. இந்திரன் அதனையொத்த ஆறு திருமேனிகளைச் செய்வித்து ஏழினையும் காட்ட, மன்னன் உண்மையானதைக் கண்டுகொண்டான். ஏழும் அவனுக்கே கிட்டின. மூலத் திருமேனி கமலாலயக் குளத்தையுடைய ஆரூரில் அமர, ஏனையவை நள்ளாறு, நாகைக்காரோணம், காறாயில், கோளிலி, வாய்மூர், மறைக்காடு என்னும் தலங்களை அடைந்தன. சோழர் தம்மைச் சூரிய குலத்தவர் என்றமையால், அக்குலத்து மாந்தாதாவின் மைந்தனான முசுகுந்தனும் சோழனாயினான் எனக் கொள்ளலாம்.

முசியின் சீற்றத்தையும் இந்நகரம் கண்டதுண்டு. 1908 செப்டம்பர் 28 அன்று பெருகிய வெள்ளத்தில் மாண்டவர் 15,000 பேர் வரை என மதிப்பிடுவர். இன்றைய உஸ்மானியா மருத்துவமனை வளாகத்துப் புளியமரம் ஒன்றில் ஏறி 150 பேர் பிழைத்தனர். ஆறாம் நிசாம் மீர் மகபூப் அலிகான் ஆற்றங்கரை சென்று நதிக்குப் பூசை செய்தார் என்று மக்கள் இன்றும் சொல்வர். பின்னர் விசுவேசுவரய்யாவின் ஆலோசனைப்படி முசியின் குறுக்கே 1920இல் உஸ்மான் சாகரும், ஈசியின் குறுக்கே 1927இல் இமாயத் சாகரும் எழுந்தன. முசியும் ஈசியும் கூடும் இலங்கர் அவுசில் 1948இல் காந்தியடிகளின் அஸ்தி கரைக்கப்பட்டது. அவ்விடம் பாப்பு காட் எனப்படும். அவ்வளவு அண்மைக்காலம் வரை அது தீர்த்தமே. அதன்பின் நகரின் கழிவுநீர் முழுதும் அதிற் கலந்ததற்கு எந்தக் காலயவனனையும் பழிக்க இயலாது.

விகாராபாத் வரை இருப்பூர்தி உண்டு. மழைக்காலத்தில் ஒருமுறை சென்று, நாற்றமில்லாத முசியைக் கண்டு வருக.