இசைத்தட்டும் கேட்போர் தீர்ப்பும்

தோற்றுவாய்

இசையைக் கேட்டு இன்புறுதல் வேறு. கேட்டதனை ஆராய்ந்து பிறர்க்கு எடுத்துரைத்தல் வேறு. முன்னது எந்நாட்டிலும் எக்காலத்தும் உள்ளது. பின்னதோ, ஒலித்த இசை மீண்டும் அவ்வாறே ஒலித்தற்கு வழியில்லாத காலத்தில், கேட்டவர் நினைவொன்றையே பற்றுக்கோடாகக் கொண்டு நின்றது. ஓர் அரங்கில் உடனிருந்து கேட்ட இருவர் தம்முள் மாறுபட்டு உரைப்பராயின், அவருள் எவர் கூற்று மெய் என்று துணிதற்குச் சான்று ஏதும் இல்லை. அச்சான்றினை முதன்முதல் அளித்தது இசைத்தட்டே ஆகும். ஒரே வாசிப்பினை இலண்டனில் ஒருவரும் பாரிசில் ஒருவரும் நியூயார்க்கில் ஒருவரும் வேண்டியபோதெல்லாம் கேட்கலாம்; கேட்டுத் தம் கருத்தை எழுதலாம்; பிறர் எழுதியதைத் தட்டோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம். இவ்வாறு தோன்றிய ஒரு புதிய திறனாய்வு மரபின் வரலாற்றை, 1923 முதல் 1948 வரையுள்ள கால எல்லையில் வைத்து ஈண்டு ஆராய்வோம். அம்மரபு கண்ட உண்மைகளையும், அதற்கு நேர்ந்த பிழைகளையும் ஒருங்கே நோக்குதல் நம் கருத்தாகும்.

செவ்விசைத் தட்டுகளும் சந்தாச் சங்கங்களும்

ஆங்கில நாவலாசிரியராகிய காம்ப்டன் மெக்கன்சி, 1923 ஏப்ரலில் ‘தி கிராமபோன்’ என்னும் இதழைத் தொடங்கினார். அவர்தம் மைத்துனர் கிறிஸ்டோபர் ஸ்டோன் ஆசிரியப் பணியில் துணைநின்றார். மெக்கன்சி இசையைத் தொழிலாகக் கொண்டவர் அல்லர். தட்டுகளை வாங்கிக் கேட்டு மகிழ்ந்த ஆர்வலரே. ஆதலின் அவ்விதழ் தொடக்கத்திலிருந்தே கேட்போரின் இதழாக வளர்ந்தது. எந்தத் தட்டு வாங்கத் தக்கது, எது தள்ளத் தக்கது, ஒரே உருப்படியைப் பதிந்தோர் பலருள் எவர் வாசிப்புச் சிறந்தது என்பனவே அதன் பக்கங்களை நிரப்பின.

அக்காலத் தட்டின் இயல்பை அறியாதார்க்கு அவ்வுரைகளின் அருமை விளங்காது. பன்னிரண்டு அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ நான்கரை நிமிடமே ஒலிக்கும். 1913-இல் ஆர்தர் நிகிஷ் பெர்லின் பில்ஹார்மானிக் குழுவைக் கொண்டு பதிந்த பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனி எட்டுப் பக்கங்களில் அடங்கிற்று. இசையின் ஓட்டம் இடையிடையே அறுபட்டது. மேலும், நிறுவனத்தார் தட்டின் அளவுக்கேற்ப இசையைக் குறைத்தலும் வழக்கமாயிருந்தது. குறைபட்ட இசை குறைபட்ட செய்யுளை ஒக்கும் என்று கண்ட ஆர்வலர், 1924-இல் மெக்கன்சியின் முயற்சியால் தேசிய கிராமபோன் சங்கத்தை நிறுவினர். உறுப்பினர்தம் சந்தாப் பணத்தைக் கொண்டு, நரம்பிசை நால்வர் குழுவினர் வாசிக்கும் உருப்படிகளை வெட்டாமல் முழுமையாகப் பதிவிக்கலாயினர்.

கேட்போர் ஒன்று திரண்டால் தொழில் நிறுவனம் செவிசாய்க்கும் என்பதற்கு இது முதற் சான்று. நிறுவனத்தாரும் இம்முறையைப் பின்பற்றினர். வால்ட்டர் லெக் என்பார் 1931-இல் ஹ்யூகோ உல்ஃப் சங்கத்தைத் தொடங்கி, ஐந்நூறு சந்தாதாரர் சேர்ந்தபின் உல்ஃபின் பாடல்களைப் பதிவித்தார். தொடர்ந்து தோன்றிய பீத்தோவன் சொனாட்டாச் சங்கத்தின் வழியாக, 1932 முதல் 1935 வரை ஆர்த்தர் ஷ்னாபெல் பீத்தோவனின் முப்பத்திரண்டு பியானோ சொனாட்டாக்களையும் பதிந்தளித்தார். அவை அனைத்தையும் ஒருவரே தட்டில் தந்தது அதுவே முதன்முறை. இப்பதிவுகள் கேட்போர்தம் வேட்கையின் பயனாக நமக்குக் கிடைத்த செல்வங்கள் என்பதில் ஐயமில்லை.

அற்றேல், கேட்போர் தீர்ப்பு எக்காலும் பிழையற்றதோ எனின், அன்று. 1925-இல் கூம்பின் வழிப் பதியும் முறை நீங்கி, ஒலிவாங்கியின் துணையால் மின்வழிப் பதியும் முறை வந்தது. பழைய முறையில் அடங்காத தாழ்ந்த ஒலிகளும் உயர்ந்த ஒலிகளும் இப்போது தட்டில் ஏறின. ஆயினும் மெக்கன்சி அப்புதிய தட்டுகளைத் தொடக்கத்தில் விரும்பினாரல்லர். அவற்றின் ஓசை கரடுமுரடானது என்று இகழ்ந்தெழுதினார். பின்னர்ப் பதிவுமுறையும் கேட்பொறியும் செப்பமுற்றபோது தம் கருத்தை மாற்றிக்கொண்டார். இந்நிகழ்ச்சி ஓர் உண்மையைக் காட்டுகின்றது. பழைய தட்டில் பல்லாண்டு பழகிய செவி, அத்தட்டின் குறையையே இசையின் இயல்பாகக் கொண்டுவிடுகின்றது.

ஜாஸ் இசையும் தட்டு ஆராய்ச்சியும்

செவ்விசைக்கு எழுத்து வடிவம் உண்டு. தட்டில் குறை நேரினும் இயற்றியவரின் ஏட்டைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். ஜாஸ் இசைக்கு அந்நிலை இல்லை. கலைஞர் அவ்வப்போது கற்பனை செய்து வாசிப்பதே அதன் உயிர். ஆதலின் ஜாஸுக்குத் தட்டே ஏடு, தட்டே மூலம்.

இவ்விசையின் சிறப்பை ஐரோப்பாவில் முதற்கண் உணர்ந்து எழுதியவருள் ஒருவர், சுவிட்சர்லாந்துச் செவ்விசை நடத்துநராகிய எர்னஸ்ட் ஆன்செர்மே. அவர் 1919-இல் சிட்னி பெஷே என்னும் கறுப்பினக் கலைஞரின் கிளாரினெட் வாசிப்பை நேரிற் கேட்டுப் போற்றி ஒரு கட்டுரை வரைந்தார். அவருக்குப் பின் வந்த ஐரோப்பிய ஆர்வலர் பலரும் தட்டின் வாயிலாகவே ஜாஸை அறிந்தனர். 1932-இல் பாரிசில் ‘ஹாட் கிளப் தெ பிரான்ஸ்’ என்னும் சங்கம் தோன்றிற்று. யூக் பனாசியே, சார்ல் டெலோனே ஆகிய இளைஞர் இருவர் அதன் தூண்களாயினர். 1935 முதல் அவர்கள் ‘ஜாஸ் ஹாட்’ என்னும் இதழையும் நடத்தினர்.

இவருள் டெலோனே செய்த பணி நம் துறையினர் நெஞ்சிற்கு நெருக்கமானது. அந்நாள் ஜாஸ் தட்டுகளில் குழுத் தலைவர் பெயர் மட்டுமே இருக்கும். சிலவற்றில் அதுவும் புனைபெயராக இருக்கும். எக்காளம் ஊதியவர் யார், பியானோ வாசித்தவர் யார் என்னும் குறிப்பு இராது. ஆர்வலர் செவியால் தேர்ந்தும், கலைஞரை நேரிலும் மடலிலும் வினவியும், தட்டின் நடுவே பொறிக்கப்பட்ட அச்செண்ணை ஒப்பிட்டும் அப்பெயர்களை ஒவ்வொன்றாக மீட்டனர். ஒரே உருப்படியை ஒரே நாளில் இருமுறை மும்முறை பதிந்திருப்பின், அவற்றின் வேறுபாட்டையும் குறித்தனர். இவற்றையெல்லாம் தொகுத்து டெலோனே 1936-இல் ‘ஹாட் டிஸ்கோகிராபி’ என்னும் நூலை வெளியிட்டார். 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்து வெளியிட்ட உ. வே. சாமிநாதையர் ஏடுகள் பலவற்றை ஒப்புநோக்கிப் பாடம் தேர்ந்த முறையை அறிந்த நாம், இத்தட்டு ஆராய்ச்சியின் அருமையை எளிதில் உணரலாம். அமெரிக்காவிலும் 1935-இல் ஹாட் கிளப்புகளின் கூட்டமைப்பு ஒன்று உருவாயிற்று. கடையில் கிட்டாத பழந்தட்டுகளை அவர்கள் மீண்டும் வெளியிட்டு, வாசித்தோர் பெயர்களை அவற்றின்மீது அச்சிட்டனர். விளம்பரத்தார் மறந்த கலைஞர்க்கு ஆர்வலர் பெயர் தந்தனர் எனல் மிகையாகாது.

தட்டு மறைத்தவை

இனி இம்மரபின் குறையை நோக்குவோம். தட்டு சான்றாகும், முழுச்சான்று ஆகாது. முதல் ஜாஸ் தட்டு 1917 பிப்ரவரியில் நியூயார்க்கில் பதியப்பெற்றது. அதனை வாசித்த ‘ஒரிஜினல் டிக்சிலாண்ட் ஜாஸ் பேண்ட்’ குழுவினர் ஐவரும் வெள்ளையர். அவ்விசையை வளர்த்த நியூ ஆர்லியன்ஸ் கறுப்பினத்தாருள் தலைசிறந்த கிங் ஆலிவரின் குழுவோ, 1923-இலேயே தட்டில் ஏறியது. லூயி ஆம்ஸ்ட்ராங்கின் முதற்பதிவும் அக்குழுவோடு அமைந்ததே. அவர்க்கெல்லாம் முன்னோடியாகப் போற்றப்படும் பட்டி போல்டனின் வாசிப்பில் ஒரு துளியும் தட்டு வழியாக நமக்குக் கிடைத்திலது. எனவே தட்டுகளின் வரிசை இசை வளர்ந்த வரிசை ஆகாது.

தட்டில் ஏறியவையும் உள்ளவாறே ஏறவில்லை. கூம்பின் வழிப் பதிந்த காலத்தில் பெருமுரசின் அதிர்வு பதிவூசியை நிலைகுலையச் செய்யும் என்று அஞ்சினர். அதனால் ஆலிவரின் முரசுக் கலைஞராகிய பேபி டாட்ஸ் 1923-ஆம் ஆண்டுப் பதிவுகளிற் பெரும்பாலும் மரக்கட்டைகளையே தட்ட நேர்ந்தது. அத்தட்டை மட்டும் கேட்டவர், அக்குழுவில் முரசு சிறுபான்மையே ஒலித்தது என்று முடிவு கட்டின், அது பெரும் பிழையாகும். அரங்கில் நெடுநேரம் விரிந்த வாசிப்பு, பத்து அங்குலத் தட்டில் மூன்று நிமிடத்திற்குள் சுருங்கியதும் இவ்வகைத்தே.

இப்பிழைக்கு ஆளானவருள் பனாசியே தலையாயவர். 1934-இல் அவர் எழுதிய ‘ல ஜாஸ் ஹாட்’ என்னும் நூல், இவ்விசை பற்றிய முதல் விரிவான ஆராய்ச்சிகளுள் ஒன்று. ஆயின் அந்நூல் வெள்ளைக் கலைஞர் சிலரைத் தகுதிக்கு மேல் உயர்த்திவிட்டது. காரணம் வெளிப்படை. அமெரிக்க நிறுவனங்கள் கறுப்பினத்தார்க்கெனத் தனிவரிசையில் தட்டுகளை வெளியிட்டு அவர்களிடமே விற்றன. ஐரோப்பியக் கடைகளுக்கு முதலில் வந்தவை பெரும்பாலும் பிறவே. 1942-இல் வெளிவந்த ‘தி ரியல் ஜாஸ்’ என்னும் நூலில், வெள்ளையர் வழியாகத் தாம் ஜாஸை முதலில் அறிய நேர்ந்தது தமக்குற்ற கேடு என்னும் கருத்துப்பட அவரே எழுதித் தம் பிழையைத் திருத்திக்கொண்டார். கடைக்காரன் பெட்டியில் இருந்ததனை உலகில் இருந்தது என்று கொண்டதே அப்பிழையின் வேர். தம் நூலைத் தாமே மறுத்த அவர் நேர்மை பாராட்டத் தக்கது.

எனினும் அவர் இரண்டாம் முறையும் இடறினார். 1942 ஆகஸ்டு முதல் நாள் அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் ஒலிப்பதிவை மறுத்து வேலைநிறுத்தம் தொடங்கியது. பெருநிறுவனங்கள் இரண்டு 1944 நவம்பரிலேயே உடன்பட்டன. இவ்விடைக்காலத்திலேதான் பீபாப் என்னும் புதுநெறி முதிர்ந்தது. சார்லி பார்க்கரும் டிசி கில்லெஸ்பியும் ஒருங்கே வாசித்த 1943-ஆம் ஆண்டு எர்ல் ஹைன்ஸ் குழுவின் இசை வணிகத் தட்டு எதிலும் இல்லை. பிரான்சோ அப்போது செருமானியர் பிடியில் இருந்தது. போருக்குப்பின் புதிய தட்டுகள் வந்தபோது, படிப்படியாக வளர்ந்த நெறி பாரிசு ஆர்வலர்க்குத் திடீரென்று முளைத்ததுபோல் தோன்றிற்று. இஃது ஜாஸ் அன்று என்றார் பனாசியே. இதுவே அதன் அடுத்த படி என்றார் டெலோனே. 1947-இல் ஹாட் கிளப் பிளவுண்டது. பதினைந்து ஆண்டு நட்பும் அதனோடு முறிந்தது. 1948 பிப்ரவரியில் கில்லெஸ்பியின் பெருங்குழு பாரிசில் நேரில் வாசித்தது. அப்பொழுதும் பனாசியே தம் கொள்கையினின்றும் இறங்கினாரல்லர். 1974-இல் மறையும்வரை அதனையே கூறிவந்தார். தட்டின் இடைவெளியே பிளவுக்கு முழுக்காரணம் என்பது நம் கருத்தன்று. சுவையும் தன்முனைப்பும் உடன் நின்றன. ஆயினும் நடுவில் ஏடு சிதைந்த ஒரு நூலின் முதலையும் முடிவையும் மட்டும் கற்றவர், இவை இருவேறு நூல்கள் என்று மயங்குதல் இயல்பே.

இவ்விடைவெளியைச் சிறிது நிரப்பியவரும் ஓர் ஆர்வலரே. ஜெர்ரி நியூமன் என்னும் மாணவர் தட்டு வெட்டும் பொறியைத் தாமே சுமந்துசென்று, 1941-இல் ஹார்லெமின் ‘மின்டன்ஸ்’ விடுதியில் நள்ளிரவு கடந்து நடந்த வாசிப்புகளைப் பதிந்து வைத்தார். சார்லி கிறிஸ்டியனின் நெடிய கிதார் வாசிப்பு இன்று நம் செவிக்கு எட்டுவது அவர் உழைப்பினாலாகும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படும். ஒன்று, இசைத்தட்டு கேட்போரைத் தீர்ப்பளிப்போராக உயர்த்தியது. அவர்தம் கருத்துப் பரிமாற்றத்தால் முழுமையான பதிவுகளும் மறைந்த கலைஞர் பெயர்களும் உலகிற்குக் கிடைத்தன. இரண்டு, ஒரே சான்றைப் பலரும் நுகர முடிந்ததனால், ஒருவர் பிழையைப் பிறரும், சிற்சில போது அவரே தாமும், திருத்த முடிந்தது. மூன்று, கிடைத்த சான்றையே முழுமை என்று கொண்டவிடத்துக் கூர்த்த செவியினரும் வழுவினர்.

மூன்றாவது உண்மை நமக்கும் உரியது. தமிழ் நூல்களுள் கறையானுக்கும் வெள்ளத்துக்கும் தப்பியவற்றையே நாம் கற்கின்றோம். இறையனார் களவியல் உரை கூறும் நூற்பெயர்கள் பலவற்றுக்குப் பெயரன்றிப் பிறிதொன்றும் நம் கையில் இல்லை. ஓர் இலக்கிய வகை இன்ன நூற்றாண்டில் தோன்றிற்று என்று எழுதுமுன், அந்நூற்றாண்டில் தோன்றியதா, அன்றி அந்நூற்றாண்டிலிருந்துதான் நமக்கு ஏடு கிடைத்ததா என்று வினவுதல் வேண்டும். பனாசியே முதல் நூலில் வினவ மறந்ததும், எட்டாண்டு கழித்து வினவியதும் இவ்வினாவே. தட்டின் அமைதி இசையின் அமைதியன்று. ஏட்டின் அமைதி இலக்கியத்தின் அமைதியும் அன்று.